திருப்தி என்கிற சிரித்த முகம்

(திருவொற்றியூரில் மாணவர்கள் கூட்டிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் விட்டுப்போன சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சோறு பற்றிப் பேசப் போகிறேன். கவிதை எங்கேயும் ஓடிப்போய்விடாது. சோறு ஆறிப்போகும்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாணவி எங்கள் தெருவுக்கு வந்தார். கல்லூரியில் ஒரு பயிற்சி. அங்கன்வாடி, பள்ளிச் சாப்பாடு, ரேஷன் இதிலெல்லாம் குடும்பங்களுக்கு எவ்வளவு திருப்தி, சாதிக்குச் சாதி அது எப்படி மாறுகிறது என்று கேட்டு எழுத வேண்டும். தெரியாத தெருவில் தனியாகப் போகத் தயக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் நான் கூடவே நடந்தேன். அவர் கையிலிருந்த தாளில் வரிசையாக ஐந்து முகங்கள். முதல் முகம் அழுகிறது, ஐந்தாவது முகம் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் விரலால் தொட்டுக் காட்டினால் போதும் என்று ஏற்பாடு.

முதல் வீடு எங்கள் வீடு. அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்று அங்கன்வாடியில், ஒன்று மாநகராட்சிப் பள்ளியில். இரண்டையும் கூட்டிப் போய்க் கூட்டி வருவது எங்கள் அம்மா. மாணவி தாளை நீட்டினார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல எது நல்ல மொகமோ அதுலயே போட்டுக்க கண்ணு" என்றார்.

அன்று எங்கள் தெரு முழுக்க ஐந்தாவது முகம்தான். யாருமே மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. தேரடியை ஒட்டிய தெருக்களுக்குப் போனோம். கடை வைத்திருக்கிறவர்கள், வாடகை வாங்குகிறவர்கள், கோயிலுக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்கள். அங்கே முகம் சுளித்தது. "ரேஷன் அரிசியா, அத எங்க சார் வாயில வக்கிறது, இட்லிக்குத்தான் ஊறப் போடறோம்." "அங்கன்வாடியில சுத்தமே இல்ல, அதான் அனுப்பறதில்ல." குப்பத்தில் இரண்டும் கலந்து வந்தது. லேத் பட்டறைகளுக்குப் பின்னால் குடியிருக்கிற பீகார், ஒடிசாக் குடும்பங்களில் கேள்வி புரிவதற்கு முன்னாலேயே சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து அந்த மாணவி கோடு போட்டு எண்ணினார். எண்ணிவிட்டுக் கேட்டார்: "அண்ணா, எஸ்.சி. குடும்பங்கதான் ரொம்ப திருப்தியா இருக்காங்க. அப்ப திட்டம் நல்லாத்தானே போய்ச் சேருது?"

இது ஆய்வல்ல. ஒரு மாணவியின் ஒரு நாள் பயிற்சி. இதை வைத்து நான் எதையும் நிறுவ வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நல்லாத்தானே போய்ச் சேருது? அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

1

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோறு போட்ட கையைக் கடிக்க நான் வரவில்லை. சத்துணவுத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். 1998இல் முட்டை வாரத்துக்கு ஒன்றாக ஆனபோது எந்தக் கிழமை முட்டை என்பது எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம். இந்தத் திட்டம் இல்லாமல் போயிருந்தால் நான் பட்டறைக்குப் போயிருப்பேன். வங்கிக்குப் போயிருக்க மாட்டேன்.

இந்த ஊரில் இது நூறாண்டு கடந்த கதை. 1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் அந்தப் பள்ளிகளில் 811 பிள்ளைகள் இருந்தார்கள். 1924-25இல் 1671 பேர். சோற்றுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல இந்த இரண்டு எண்கள் போதும். 1925 ஏப்ரலில் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று சொல்லி வெள்ளை அரசாங்கம் நிறுத்தியது. 1927இல் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று மறுபடி தொடங்கியது.

1956இல் காமராசர் மதிய உணவு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 2010இல் வாரம் ஐந்து முட்டை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் விலையில்லா அரிசி. 2022 செப்டம்பரில் காலை உணவு. 1997இல் மத்திய அரசு ரேஷனை 'ஏழைகளுக்கு மட்டும்' என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை. இவையெல்லாம் சாதாரணக் காரியங்கள் அல்ல. பல மாநிலத் தோழர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த வரலாற்றைச் சொல்கிற ஒவ்வொரு மேடையிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது, கொடுத்த தேதி இருக்கிறது. வாங்கியவர் பேசுவதில்லை. நூறாண்டாக வாங்கிக்கொண்டிருப்பவரிடம் கடைசியில் ஒரு தாளை நீட்டி, சிரிக்கிற முகமா, அழுகிற முகமா என்று கேட்கிறோம்.

2

அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன்.

"ஏம்மா, போன வாரம் சத்துமாவுல பூச்சின்னு கொட்டுன இல்ல? முட்டை நாறுதுன்னு புள்ள வாந்தி எடுத்தான் இல்ல? அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணுமே சொல்லலியே?"

அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். "கையில பேப்பர் வச்சிகினு வந்தா அது கவர்மெண்ட்டுதான். நான் எதாவது சொல்லப் போயி நாளைக்கி பேர அடிச்சிட்டா? புள்ளய நீ லீவு போட்டுப் பாத்துப்பியா?"

கொஞ்ச நேரம் கழித்து: "அந்த ஆயாம்மா பாவம்டா. அவ இன்னா பண்ணுவா, வந்ததத்தான வேவிச்சிப் போடுவா. நான் சொன்னா அவ தலையிலதான் வுழும்."

பிறகு, விளக்கை அணைத்த பிறகு: "நாங்க துன்ன சோத்துக்கு இது ராஜா வூட்டு சோறு. உனக்கு இன்னா தெரியும்."

இந்த மூன்று வாக்கியங்களில் 'திருப்தி' என்கிற சொல்லை முழுசாகக் கட்டுடைத்துவிட்டார் என் அம்மா. நான் வெறும் உரை எழுதுகிறேன்.

முதலாவது பயம். கேட்கிறவர் கையில் பதிவேடு இருக்கிறது. மாணவிக்குத் தன் கையில் இருப்பது வினாத்தாள். அம்மாவுக்கு அது பெயர் இருக்கிற, பெயர் அடிக்கப்படக்கூடிய தாள். அரசு ஊழியர் ஒருவர் வந்து கேட்டிருந்தால் முகம் இன்னும் அகலமாகச் சிரித்திருக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் இருப்பவள் மேல் உள்ள அக்கறை. குறை சொன்னால் அது மேலே போகாது, கீழேதான் வரும் என்பது எங்கள் ஜனங்களுக்கு அனுபவத்தில் தெரியும். மாவு அரைத்த கம்பெனிக்குப் போகாது, முட்டை டெண்டர் எடுத்தவருக்குப் போகாது, அடுப்படியில் நிற்கிற ஆயாம்மாவுக்குத்தான் மெமோ வரும். ஆகவே வாயை மூடிக்கொள்வதை வெறும் அடிமைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. அதில் ஒரு தோழமையும் இருக்கிறது.

மூன்றாவது அளவுகோல். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவர் பார்த்தது கேர் நிறுவனம் அனுப்பிய கோதுமையில் கிண்டிய உப்புமாவும் பால் பவுடரும். வீட்டில் ஒரு வேளை. அந்தக் கோலால் அளந்தால் இன்றைக்கு எல்லாமே ஐந்தாவது முகம்தான். தேரடித் தெருக்காரர் வேறு கோலால் அளக்கிறார். இந்தத் திட்டத்தை விட்டால் அவருக்கு வேறு சோறு இருக்கிறது. இரண்டு கோலால் அளந்ததை ஒரே அட்டவணையில் போட்டு, இவர்கள் திருப்தி அதிகம், அவர்கள் திருப்தி குறைவு என்று எழுதுவது பொய்க்கணக்கு. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இதை எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கவுண்டரில் தினமும் இதைப் பார்க்கிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணத்துக்காகப் பெண்கள் பாஸ்புக்கை நீட்டுவார்கள். 2018இல் அந்தத் தொகை 18,000 ரூபாயாக ஆனது. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம், மிச்சம் தவணை தவணையாகக் கணக்குக்கு வரும். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கான சாப்பாட்டுப் பணம், பிள்ளை பிறந்து தவழ்கிற காலத்தில் வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு பொருந்தாததால் வராமலே போனதையும் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த கிளையொன்றில் ஒரு பெண் மூன்று நாள் கைக்குழந்தையோடு வந்து வரிசையில் நின்றாள். தப்பு எங்கள் பக்கம். கடைசியில் சரி செய்து கொடுத்தபோது, "பரவால்ல சார், வந்த வரைக்கும் புண்ணியம்" என்று கும்பிட்டாள். அதே நாள், டெபாசிட் வைத்திருக்கிற ஒருவர் ஏழு நிமிடம் காத்திருந்ததற்கு மேனேஜர் அறையில் கத்திவிட்டுப் போனார். அன்று அந்த இரண்டு பேரிடமும் ஐந்து முகத் தாளை நீட்டியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

தோழர்களே, குறை சொல்வது ஒரு சொத்து. நிலம் மாதிரி, வீடு மாதிரி. பரம்பரையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், பரம்பரையாக இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

3

சரி, முகம் சுளித்தவர்களின் பக்கம் வருவோம். அவர்கள் சொல்கிற குறை எல்லாம் பொய்யா? இல்லை. புழு இருந்தால் புழுதான். அதை அவர்கள் சொன்னால் நமக்கும் நல்லது. ஆனால் முகச்சுளிப்பிலும் இரண்டு வகை இருக்கிறது, தாளில் இருக்கிற முகம் அதைப் பிரித்துக் காட்டாது.

2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளி. அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமையலராக வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று சாதி இந்துப் பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அரிசி அதே அரிசி, பருப்பு அதே பருப்பு. அவர்களுக்குத் திருப்தி இல்லை. அதிகாரிகள் முதலில் என்ன செய்தார்கள்? சமையலரை இடமாற்றம் செய்தார்கள். அதாவது 'பயனாளிகளின் திருப்தி'யை உயர்த்தினார்கள்! தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் போராடிய பிறகுதான் அவர் அதே பள்ளிக்குத் திரும்பினார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறை விதித்தது. ஏழு வருடம் ஆனது.

2023 செப்டம்பரில், காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த சில நாட்களிலேயே, கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலும் இதே கதை. ஒரு இடத்தில் கலெக்டர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னொரு இடத்தில் அமைச்சரும் எம்.பி.யும் வந்து சாப்பிட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் சமைத்த உப்புமாவைத் தின்னலாம் என்று நிரூபிக்க ஒரு மாவட்டத்தின் கலெக்டர் தின்று காட்ட வேண்டியிருக்கிறது.

இது இன்று நேற்று முளைத்ததல்ல. 2003இல் ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களில் விசாரித்து சுகதேவ் தோரட், ஜோயல் லீ இருவரும் எழுதிய கட்டுரை 2005இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியில் வந்தது. மதிய உணவில் சாதிப் பாகுபாடு உண்டு என்று சொன்ன கிராமங்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 36. ராஜஸ்தானில் 52, ஆந்திராவில் 24. சமூகநீதி மண் என்று நாம் பேசிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான். அவர்கள் கேட்டது 'திருப்தியா' என்று அல்ல. சோறு எந்தத் தெருவில் போடப்படுகிறது, யார் சமைக்கிறார், யார் எங்கே உட்காருகிறார் என்று கேட்டார்கள். கேள்வி மாறினால் பதில் மாறும். 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், உணவு உரிமை வழக்கில், சமையலர் உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. சாதி இந்துவின் அதிருப்தியை உண்டாக்கச் சொன்ன உத்தரவு என்றே நான் அதை வாசிக்கிறேன். சில திட்டங்கள் சிலரை அதிருப்திப்படுத்தினால்தான் அவை வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

4

இங்கே, திருவொற்றியூரில், யாரும் பள்ளிக்குப் பூட்டுப் போடவில்லையே என்று கேட்பீர்கள். போடவில்லை. நகரத்தில் சாதி பூட்டுப் போடாது, டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடும். வசதி வந்தவர்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாநகராட்சிப் பள்ளியில் மிஞ்சியது நாமும் குப்பத்துப் பிள்ளைகளும் வடநாட்டுப் பிள்ளைகளும். நான் படித்த காலத்தில்கூட டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பிள்ளைகள் வகுப்புக்குள்ளே, தட்டுப் பிள்ளைகள் வராந்தாவில். யாரும் உத்தரவு போடவில்லை. மணி அடித்தால் தானாகவே பிரிந்துவிடுவோம்.

அடுத்து, தட்டில் என்ன இருக்கிறது? உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். இது யாருடைய 'பொது' உணவு? நம் கொல்லையில் கடல் இருக்கிறது. நெத்திலிக் கருவாடு இருக்கிறது. நம் தெருவில் மாட்டுக்கறி இருக்கிறது. இரும்புச்சத்தும் புரதமும் மலிவாகக் கிடைக்கிற இந்த இரண்டும் நம் பள்ளித் தட்டில் ஏறியதில்லை, ஏற்றலாமா என்று யாரும் பெற்றோரிடம் கேட்டதுமில்லை. முட்டையே போராடித்தான் தட்டுக்கு வந்தது. 2019இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் வெங்காயம் பூண்டு சேர்க்காத அட்சய பாத்திர நிறுவனத்தின் காலை உணவு வந்தபோது எழுந்த சண்டை வெங்காயத்துக்கான சண்டை அல்ல. பிறத்தியாருடைய ஆசாரத்தை நம் பிள்ளைகளின் நாக்கில் வைத்துத் தேய்க்கிறார்களே என்கிற சண்டை.

கொடுப்பதை வாங்கிக்கொள்ளாமல் பட்டியலைப் பற்றி எல்லாம் பேசுவதா என்பார்கள். அமெரிக்காவில் பேசினார்கள். அங்கே தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சத்துணவு தர 1970களில் தொடங்கிய விக் என்கிற திட்டம் இருக்கிறது. வெகுகாலம் பால், பாலாடைக்கட்டி, முட்டை என்றே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பால் ஒத்துக்கொள்ளாத கறுப்பின, ஆசியக் குடும்பங்களுக்கு அது பாதி வீண். பல வருட வாதங்களுக்குப் பிறகு 2009இல்தான் பட்டியல் மாறியது. பழுப்பரிசி வந்தது, மெக்சிகோ மக்களின் டார்ட்டியா ரொட்டி வந்தது, சோயாப் பால் வந்தது, காய்கறி வந்தது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் வந்திருக்காது.

அதற்கும் முன்னால், 1969 ஜனவரியில், ஓக்லாந்து நகரத்தில் ஒரு தேவாலயத்தில் கருஞ்சிறுத்தைகள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே காலை உணவு சமைத்துப் போட்டார்கள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயர் எடுத்துக்கொண்டது அவர்களிடமிருந்துதான். துப்பாக்கியைவிட அந்தக் காலைச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் அதிகம் பயந்தார். பசித்த பிள்ளைக்கு அரசாங்கத்தின் சோறும் இயக்கத்தின் சோறும் ஒரே ருசிதான். ஆனால் இயக்கத்தின் சோற்றைச் சாப்பிட்டவர்கள் யாருக்கும் நன்றி சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. சமைத்தவரும் அவர்களே.

5

நம்மைப் பற்றியும் பேச வேண்டும். இல்லையென்றால் இந்தப் பேச்சு பாதிதான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தெலுங்கு பேசுகிற தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் இருக்கின்றன. அருந்ததியர்கள் இருக்கிறார்கள். சாவுக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம். அவர்கள் வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் உட்காருகிறோம்? எங்கள் தெருவில் ஒரு அக்கா அந்த மாணவியிடம் அங்கன்வாடிக்கு ஐந்தாவது முகத்தைக் காட்டினார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "மின்ன இருந்த ஆயா இருந்தா நல்லாருக்கும் தம்பி, இப்போ வந்துகீற ஆளு அவங்களாச்சே." அதை நான் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அவினாசிக்காரர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் அந்த வாசலில் வாயை மூடிக்கொண்டேன். இதை இங்கே சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை.

திருப்தி என்ற பெயரில் சோறே வேறு கோரிக்கையின் வாயை அடைக்கப் பயன்படும் என்பதையும் இந்த வடசென்னையில்தான் பார்த்தோம். 2025 ஆகஸ்டு. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே மழையிலும் வெயிலிலும் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம் பெண்கள். கேட்டது வேலை, நிரந்தரம், குறையாத கூலி. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி நலத் திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு. நவம்பரில் அது தொடங்கியும் விட்டது.

காலையில் நாலு மணிக்கு எழுந்து வெறும் வயிற்றோடு குப்பை அள்ளுகிறவருக்குச் சோறு வேண்டாமா? வேண்டும். அதை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆனால் கேட்டது வேறு. அவர்களிடம் நாளை ஐந்து முகத் தாளை நீட்டி, சாப்பாடு எப்படி என்று கேட்டால் நாலோ ஐந்தோ வரும். அந்த எண்ணை விளம்பரத்தில் போடலாம். வேலை என்னாயிற்று என்ற கேள்விக்கு அந்தத் தாளில் முகமே கிடையாது.

6

அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். 'நல்லாத்தானே போய்ச் சேருது?'

போய்ச் சேருகிறது என்பது உண்மை. போதுமா என்பதை முகத்திடம் கேட்காதீர்கள், உடம்பிடம் கேளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 27 பேர். கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் ரத்தசோகை உள்ள பிள்ளைகள் நூற்றுக்கு 51இலிருந்து 57 ஆகக் கூடியிருக்கிறார்கள். இந்திய அளவில் சாதிவாரியாகப் பார்த்தால், வளர்த்தி குன்றிய பிள்ளைகள் பட்டியல் சாதியினரில் நூற்றுக்குச் சுமார் 39, பழங்குடியினரில் 41, எந்த ஒதுக்கீட்டிலும் வராதவர்களில் 30. முகம் சிரிக்கும், ரத்தம் பொய் சொல்லாது.

ஆகவே, ஆய்வுக்குப் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருப்தியா என்று கேட்காதீர்கள். இதையெல்லாம் கேளுங்கள்: யார் சமைக்கிறார்? அவர் கையால் எல்லாரும் சாப்பிடுகிறார்களா? அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவுக்குள் எல்லாப் பிள்ளையும் தயங்காமல் நுழைகிறதா? பிள்ளை இரண்டாவது தடவை தட்டை நீட்டினால் கரண்டி இறங்குகிறதா? கடைசியாக யார் குறை சொன்னார், சொன்னபிறகு அவருக்கு என்ன ஆயிற்று? இந்தக் கடைசிக் கேள்வி போதும், மற்றதெல்லாம் தானே வெளியே வரும்.

குறை சொல்வது பிச்சைக்காரனின் முணுமுணுப்பு அல்ல, சட்டம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குறைதீர்ப்பு அதிகாரி மாவட்டத்துக்கு ஒருவர் வேண்டும், மாநிலத்துக்கு உணவு ஆணையம் வேண்டும், சமூகத் தணிக்கை வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நம் தெருவில் அந்த அதிகாரியின் பெயர் யாருக்காவது தெரியுமா? எனக்கே தெரியாமல் இருந்தது. சலான் எழுதத் தெரிந்த நாம் நாலு பேர் மாதம் ஒரு ஞாயிறு தெருவில் உட்கார்ந்து மனு எழுதித் தரலாம். தனியாக ஒருத்தி எழுதினால் அவள் பெயர் அடிபடும் என்று பயம். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டால் எந்தப் பெயரை அடிப்பார்கள்? அந்த மனுவில் ஆயாம்மாவின் கையெழுத்தும் இருக்கட்டும். கெட்டுப்போன மாவு வருகிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான்.

போன மாதம் ஒன்று நடந்தது. ரேஷன் கடையில் போட்ட துவரம்பருப்பில் வண்டு. அம்மா வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டே புடைத்தார். பாதி புடைத்தவர் என்ன நினைத்தாரோ, முறத்தோடு எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வரிசைக்கு முன்னால் போய் நின்று, "தம்பி, இத மாத்திக் குடு" என்றார். கடைக்காரர், "எல்லாம் இதான்மா வந்துகீது, வேணாம்னா வுட்டுட்டுப் போ" என்றார். அம்மா விடவில்லை. "வேணாம்னு யாரு சொன்னா? வேணும். நல்லதா வேணும்" என்றார். வரிசையில் நின்றவர்களில் நாலைந்து பேர் தங்கள் பையையும் திறந்து பார்த்தார்கள். அன்றைக்குப் பருப்பு மாறவில்லை. அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார், அடுத்த மூட்டை வந்ததும் தருகிறேன் என்றார். இன்னும் தரவில்லை. அம்மா இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டார். மூன்றாவது தடவை என்னைக் கூப்பிடவில்லை, பின் தெரு அருந்ததியர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் பையிலும் அதே வண்டு.

அந்த மாணவி மறுபடியும் வந்தால் எங்கள் அம்மா எந்த முகத்தைத் தொடுவார் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவதைத் தொடமாட்டார் என்று நினைக்கிறேன். அப்போது அந்த அட்டவணையில் எங்கள் சாதியின் திருப்தி குறைந்துவிட்டது என்று வரும். வரட்டும்.

ஜெய்பீம்.